முதல் வெளிநாட்டுப் பேக்பேக்கிங் பயணம்: ஊக்கம் முதலில் வருமா, பணம் முதலில் வருமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு முதன்முறையாக வெளிநாடு போய்வர வேண்டும் என்ற ஆசை பல ஆண்டுகளாக இருக்கிறது. யாருடைய பயணக் கதையையாவது படித்தால் அன்றே பணம் ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார். இரண்டு மூன்று மாதங்களில் அந்தப் பணம் வேறு எதற்கோ போய்விடுகிறது, ஆர்வமும் வடிந்துவிடுகிறது. ஊக்கத்தை எப்படி வரவழைப்பது, பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறார். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நாளும் தொகையும் இல்லாத ஒரு பயணத்துக்காக ஏன் என்னால் பணத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. குடும்பங்களின் வரவுசெலவைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். விடுப்பு கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என் பழக்கம். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

பயணக் கதைகளையும் படங்களையும் பார்ப்பதால் ஊக்கம் வளரும் என்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை அதில் கவனித்தார்கள். தன்னால் முடியும் என்று நம்பியவர்கள் அதிக எடை குறைத்தார்கள். மெலிந்துவிட்ட தன்னை இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருந்தவர்கள் குறைவாகத்தான் குறைத்தார்கள். நம்பிக்கையும் பகற்கனவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆனால் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. போய்ச் சேர்ந்துவிட்டதைப் போன்ற சுகத்தை மனம் இங்கேயே அனுபவித்துவிட்டால், கிளம்புவதற்கான வேகம் குறைந்துவிடுகிறது. எடைக் குறைப்பில் கண்டதைப் பயணத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது சரிதான். ஆனாலும் என்னிடம் வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இதையேதான். எந்தக் கடற்கரையில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பது வரைக்கும் தெரிந்துவைத்திருப்பார்கள். பாஸ்போர்ட் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

பணக் கணக்குக்குப் போகுமுன் ஒரு சோதனை. பயணத்துக்குத் தேவையான முழுத் தொகையும் நாளைக் காலை உங்கள் கணக்கில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே டிக்கெட் பார்ப்பீர்களா? அல்லது விடுப்பு கிடைக்காது, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தனியாகப் போகப் பயம், மொழி தெரியாது என்று வேறொரு தடை எழுந்து நிற்கிறதா? வேறொரு தடை எழுந்தால், உங்கள் பணம் கரைவதற்குக் காரணம் செலவாளித்தனம் இல்லை. அந்தத் தடைதான் பணம் வெளியே போக உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுகிறது. நடக்கப்போவதில்லை என்று மனத்துக்குத் தெரிந்த ஒன்றுக்காக யாராலும் மாதக்கணக்கில் பணத்தைக் காவல் காக்க முடியாது. விடுப்புதான் சிக்கல் என்றால் மேலாளரிடம் பேசுவதுதான் முதல் சேமிப்பு நடவடிக்கை. தனிமைப் பயம் என்றால், அதே பையை மாட்டிக்கொண்டு ஓர் இரவோ இரண்டு இரவோ முன்பின் அறியாத ஊர் ஒன்றில் மலிவான விடுதியில் தங்கிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு இரவுகளிலேயே உங்களுக்கு இந்த வகைப் பயணம் பிடிக்கிறதா என்று பெருமளவு தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றாலும் நட்டமில்லை. நல்ல படுக்கையும் தனி அறையும் வேண்டும் என்று விரும்புவது குற்றமல்ல. அப்போது கணக்கு மட்டும் மாறும்.

இனி தொகை. 'நிறையப் பணம் வேண்டும்' என்பது தொகையல்ல, அச்சம். காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும் என்பதற்காக உங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். போகவர விமானக் கட்டணம் 60 பங்கு, விசாவும் காப்பீடும் தடுப்பூசியும் சேர்ந்து 15, பையும் செருப்பும் இதரப் பொருள்களும் 10, அங்கே ஒரு நாள் செலவு 4 பங்கு வீதம் 21 நாளுக்கு 84. மொத்தம் 169. இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராததற்கென்று சேர்த்தால் ஏறத்தாழ 203. மாதம் 12 பங்கு ஒதுக்க முடிகிறவருக்கு 17 மாதம். இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரணம்தான்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிற விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. 17 மாதம் அதிகம் என்று நினைத்து ஒரு வாரத்தைக் குறைத்தால், நாள்செலவு 56 ஆகி, மொத்தம் ஏறத்தாழ 169 பங்குக்கு இறங்கும். மிச்சம் 34. நாள்களைக் குறைக்காமல் அருகிலுள்ள நாடொன்றைத் தேர்ந்தெடுத்து விமானக் கட்டணத்தை 25 ஆக்கினால், மொத்தம் 161. மிச்சம் 42, மூன்று வாரமும் கையில் இருக்கும். முதல் பயணத்துக்குக் கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். பெரும்பாலும் அவர்கள் பிடிவாதத்தைக் கைவிடுவதில்லை, அது வேறு விஷயம்.

நாள்செலவு நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து போன்ற நாடுகளில் ஒரு நாள் ஆகும் செலவில் வியட்நாமிலோ லாவோசிலோ பல நாள் தங்கலாம். ஐரோப்பாதான் வேண்டும் என்றால் அல்பேனியா, போஸ்னியா போன்ற பால்கன் நாடுகள் மேற்கு ஐரோப்பாவைவிடக் கைக்கு அடக்கமானவை. காலமும் முக்கியம். வியட்நாமில் தெத் புத்தாண்டு, சீனாவில் அக்டோபர் முதல் வார விடுமுறை, ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறை ஆகிய நாள்களில் உள்ளூர் மக்களே கூட்டங்கூட்டமாகக் கிளம்புவார்கள்; இடமும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். நாடும் மாதமும் முடிவானால்தான் தொகை கிடைக்கும், தொகை கிடைத்தால்தான் மாதாமாதம் எவ்வளவு என்பது கிடைக்கும். ஆகவே எங்கே போவது என்பதைப் பணம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சேர்க்கும் முறையைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பது நடைமுறையில் வேலை செய்வதில்லை. சம்பளம் வந்த அன்றே, உங்கள் கை படாமல், தானாகவே வேறொரு கணக்குக்குப் போக வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். கைப்பேசிச் செயலியின் முகப்பில் அது தெரியவும் வேண்டாம். முடிந்தால் வேறு வங்கியில் இருக்கட்டும். ஒரே ரூபாயோ டாலரோ எந்தப் பெயரில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து நாம் அதை வேறுவிதமாக நடத்துகிறோம் என்பதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தாலர் விரிவாக எழுதியிருக்கிறார். 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வுகளும் ஒரு காரணம். கணக்கியல்படி பார்த்தால் இது மனிதரின் பலவீனம். சேமிக்கிறவருக்கு அதுவே சாதகம். கணக்குக்கு 'சேமிப்பு' என்று பெயரிடாமல் போகிற நாட்டின் பெயரையும் மாதத்தையும் வைத்துவிடுங்கள். அதிலிருந்து வேறு காரியத்துக்கு எடுக்கக் கை கூசும்.

தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் இங்கே பயன்படும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம், இப்போது கூடுதலாகச் சேமிக்க வேண்டாம், அடுத்தடுத்த சம்பள உயர்வின்போது அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டும் என்று மட்டும் ஒப்புதல் வாங்கினார்கள். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. ஓய்வூதியத்துக்கான சேமிப்பு அது. பயணத்துக்கு அதே அளவு பலிக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இன்றைய வாழ்க்கையைச் சுருக்குவதைவிட நாளை வரப்போகும் பணத்தைத் தடுத்துவைப்பது மனத்துக்கு எளிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊக்கத்தொகை, மிகைநேர ஊதியம், திரும்பி வந்த வரி, விற்ற பழைய கேமரா என்று எது வந்தாலும் பாதி பயணத்துக்கு என்று இப்போதே எழுதிவையுங்கள். வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்றால் அதற்குள் அந்தப் பணத்துக்கு வேறு வேலை வந்திருக்கும்.

தினமும் குடிக்கும் தேநீரை நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறு சுகங்களைத் தினம் தினம் மறுப்பதற்குத் தினம் தினம் மன உறுதி வேண்டும். மூன்றாவது வாரத்தில் அது தீர்ந்துபோகும், அதோடு பயணத்தின் மேலேயே ஒரு வெறுப்பு வரும். ஒரே ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறைகிற செலவுகளைத்தான் தேட வேண்டும். வாடகையைப் பகிர ஓர் அறைத்தோழர், வண்டித் தவணைக்குப் பதில் பேருந்து, பார்க்காத தொடர் சேவைகளின் சந்தா, போகாத உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டணம், தேவைக்கு மீறிய கைப்பேசித் திட்டம். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை ஒருநாள் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். நான் இதைச் செய்யச் சொல்லியவர்களில் எதுவுமே அகப்படாமல் திரும்பியவர் எனக்கு நினைவில்லை. வெளியே சாப்பிடுவது மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சிறு சுகம்போலத் தோன்றும், கூட்டிப் பார்த்தால் வாடகைக்கு அடுத்த இடத்தில் இருக்கும். அதற்கு முழுத் தடை வேண்டாம், வாரத்துக்கு இத்தனை முறை என்ற எண் போதும்.

நடுவில் வருகிற தளர்ச்சிக்கு என்ன செய்வது? தொடக்கத்தில் உற்சாகம் இருக்கும், முடிவு நெருங்கினாலும் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில்தான் பணம் கரைகிறது. இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதைக் கிளார்க் ஹல் 1932லேயே எலிகளை வைத்து எழுதினார். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் காபிக் கடையின் பரிசு அட்டைகளை வைத்து மனிதரிடமும் அதைப் பார்த்தார்கள். பத்து முத்திரை நிரப்ப வேண்டிய அட்டையைவிட, பன்னிரண்டில் இரண்டு முன்கூட்டியே குத்தப்பட்ட அட்டையை மக்கள் விரைவாக நிரப்பினார்கள். இரண்டிலும் வாங்க வேண்டியது பத்துதான். இதிலிருந்து நான் கற்றுக்கொடுப்பது, 203 பங்கை ஒரே மலையாக வைக்காதீர்கள், சிறு சிறு பணப் பைகளாகப் பிரியுங்கள் என்பது. பாஸ்போர்ட்டும் விசாவும் முதல் பை, அது நிரம்பியதும் காப்பீடும் தடுப்பூசியும், பிறகு விமானம், பிறகு நாள்செலவு. நாள்செலவுப் பை மிக எளிதாக நிரம்பும், ஏனென்றால் ஒவ்வொரு 4 பங்கும் அங்கே ஒரு நாள். இந்த மாதம் மூன்று நாள் சேர்த்துவிட்டேன் என்று சொல்வதில் ஒரு சுவை இருக்கிறது.

எப்போது சறுக்குவீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு முன்கூட்டியே ஒரு பதிலை எழுதிவைப்பது பயன் தருகிறது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிடுகிறவர்கள் வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிடத் தெளிவாக முன்னே நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். 'சிக்கனமாக இருப்பேன்' என்பது உறுதி. 'வெள்ளிக்கிழமை நண்பர்கள் விலை கூடிய இடத்துக்குக் கூப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்பேன்' என்பது திட்டம். 'ஒரு மாதம் ஒதுக்க முடியாமல் போனால் பாதியாவது ஒதுக்குவேன், கணக்கை உடைக்க மாட்டேன்' என்பதும் திட்டம். இரண்டாவதுதான் மிக முக்கியம், ஏனென்றால் ஒரு மாதம் தவறியதும் எல்லாம் போயிற்று என்று முழுவதையும் எடுத்துச் செலவழித்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முடிவு.

'டிக்கெட்டை வாங்கிவிடு, ஊக்கம் தானாக வரும்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விசா இல்லாமலே பெரும்பாலான நாடுகளுக்குள் நுழையக்கூடிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது நல்ல யோசனை. விசா வாங்க வேண்டியவர், ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை முதலில் வாங்கினால், விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணமும் போகும். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் அது திரும்பாது. அந்த விசா கிடைத்தால் 180 நாள் கால அளவுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். செலவுக்கு வழி இருப்பதையும் ஆவணங்களோடு காட்ட வேண்டும், ஆகவே மாதாமாதம் ஒழுங்காக வளர்ந்த சேமிப்புக் கணக்கு இங்கே இன்னொரு வகையிலும் உதவும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகை ஐயத்தைத்தான் கிளப்பும்.

அப்படியானால் பின்வாங்க முடியாதபடி எதில் கால் வைப்பது? பாஸ்போர்ட் எடுப்பதில் வையுங்கள். செலவு குறைவு, வீணாகாது. இருக்கிறவர்கள் காலாவதி நாளைப் பாருங்கள். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அடுத்தது விடுப்பை எழுத்தில் வாங்குவது. அதற்கடுத்தது தடுப்பூசி. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள் அதிகம், ஆனால் உடலுக்கு அவசரம் தெரியாது. கல்லீரல் அழற்சி பி வகைக்கான ஊசி வழக்கமான முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது என்பது நல்ல செய்தி. எந்த ஊசி உங்களுக்கு வேண்டும் என்பதை நான் சொல்லக்கூடாது. போகும் நாட்டைச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். இப்படி ஒவ்வொன்றாக முடியும்போது பயணம் கனவு என்ற நிலையிலிருந்து நாள்காட்டிக்கு இறங்குகிறது. நான் கவனித்த அளவில் ஊக்கம் என்பது அப்போதுதான் வந்து சேர்கிறது. அதை வரவழைத்துவிட்டுத் தொடங்குகிறேன் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

அங்கே போன பிறகு செய்யும் சிக்கனம் இங்கே சேர்க்க வேண்டிய தொகையைக் குறைக்கிறது என்பதால் அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் ஒன்பது ஊர் என்று திட்டம் போட்டு வருகிறவர்களிடம் நான் பாதியை அடித்துவிடச் சொல்வேன். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் டிக்கெட், நிலையத்துக்குப் போகவர வண்டி, வழியில் விலை கூடிய சாப்பாடு, புது ஊரில் வழி தெரியாமல் கொடுக்கும் அதிகப்படி என்று பணம் போகும். நான்கு ஊரில் மட்டும் தங்கினால் வாடகையில் பேரம் பேசலாம், எந்தக் கடை மலிவு என்று தெரிந்துகொள்ளலாம். தூரப் பயணம் தவிர்க்க முடியாது என்றால் இரவு ரயிலோ இரவுப் பேருந்தோ ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கும். அடுத்தடுத்து இரண்டு இரவு அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் படுத்தே கிடப்பீர்கள், மிச்சம் பிடித்ததில் அர்த்தம் இருக்காது. சமையலறை உள்ள இளைஞர் விடுதிகளைப் பாருங்கள். இந்த விடுதிகளின் தோற்றமே சிக்கனத்தில்தான். மாணவர்களை நடைப்பயணம் கூட்டிச்சென்ற ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1909இல் மழைக்கு ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஒதுங்கியபோது எழுந்த யோசனை அது. 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் முதல் நிலையான விடுதி திறந்தது.

பையை 40 லிட்டருக்குள் அடக்குங்கள். மலிவு விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. அதற்குமேல் ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக் கட்டணம். ஏடிஎம்மிலோ கடையிலோ கார்டு போடும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த அன்புக்கு விலை உண்டு, மாற்று விகிதத்தில் அதை ஒளித்து வைத்திருப்பார்கள்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. திட்டத்தை எல்லாரிடமும் அறிவித்துவிட்டால் வெட்கத்துக்காகவாவது செய்துமுடிப்போம் என்பார்கள். இதில் ஆய்வுகளே ஒத்துப்போவதில்லை. கோல்விட்சரும் அவரது குழுவினரும் 2009இல், எண்ணத்தைப் பிறர் அறிந்து ஒப்புக்கொண்டதும் பாதி நிறைவேறியதுபோன்ற நிறைவு வந்து உழைப்பு குறைவதைக் கண்டார்கள். வேறு ஆய்வுகள் எதிர்மாறாகவும் சொல்கின்றன. எனக்குத் தோன்றுவது: ஊருக்கே சொல்ல வேண்டாம், மாதாமாதம் கணக்கைக் கேட்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். கிரெடிட் கார்டின் விமானப் புள்ளிகளைச் சேர்ப்பது சிலருக்கு நன்றாகப் பலித்திருக்கிறது. கார்டின் மாத பில்லை முழுவதும் கட்டாதவர்களுக்கு வட்டி அந்த லாபத்தைத் தின்றுவிடும். விடுதியில் வேலை செய்து இலவசமாகத் தங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் பல நாடுகளில் சுற்றுலா விசாவில் அது வேலை செய்ததாகவே கொள்ளப்படும். பிடிபட்டால் திருப்பி அனுப்பலாம். முதல் பயணத்தில் அந்த ஆபத்து வேண்டாம். நாணய மதிப்பை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றரை ஆண்டில் உங்கள் நாட்டுப் பணத்தின் மதிப்பு பத்து சதவீதம் இறங்கினால் நாள்செலவும் ஏறத்தாழ அந்த அளவுக்கு ஏறும். அந்த ஐந்தில் ஒரு பங்கை நான் விடாப்பிடியாகச் சேர்க்கச் சொல்வது இதற்காகவும்தான். இதை ஈடுகட்டுகிறேன் என்று பயணப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். ஓரிரு ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமல்ல.

என் அறிவுரைக்கு எல்லையும் உண்டு. உங்கள் வருமானம் என்ன, கடன் இருக்கிறதா, உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. கிரெடிட் கார்டில் மாதாமாதம் நிலுவை தொடர்ந்துகொண்டிருந்தால் அதை அடைப்பதுதான் முதல் வேலை. அதற்குக் கட்டும் வட்டியைவிட அதிகமாக எந்தச் சேமிப்புக் கணக்கும் தராது. கடன் வாங்கிப் பயணம் போவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மாதச் செலவாவது அவசரத்துக்கென்று தனியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பல்வலியே பயணக் கணக்கை உடைக்கும். வாடகையும் சாப்பாடும் போனால் எதுவுமே மிஞ்சாத வருமானம் என்றால், மேலே சொன்ன நுணுக்கம் எதுவும் போதாது. அங்கே குறை ஒழுக்கத்தில் இல்லை, வருமானத்தில். கூடுதல் வேலையோ நீண்ட கால அளவோ எல்லைக்கு அப்பால் ஐந்து நாள் மட்டும் என்ற சிறிய பயணமோதான் நேர்மையான வழிகள். வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர் என்றால் திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கான பணத்தையும் 203இன் மேல் சேர்க்க வேண்டும். பயணத் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வரிதான்.

திட்டமிட்டதைவிடச் சேமிப்பு பின்தங்கினால் கிளம்பும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள், பயணத்தைச் சுருக்குங்கள். ஒருமுறை தள்ளிப்போன நாள் இரண்டாவது முறை மிக எளிதாகத் தள்ளிப்போகும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு ஒருநாளைக் குறித்துவையுங்கள். அன்று கணக்கில் இருப்பதோடு அடுத்த ஆறு மாதம் வரப்போவதையும் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் நாடு மாறட்டும், நாள்கள் குறையட்டும். விசா விண்ணப்பமும் டிக்கெட்டும் அதன் பிறகுதான், ஆகவே அன்று மாற்றினால் எந்த இழப்பும் இல்லை. விசாக் கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும்போது நான் இங்கே எழுதியதை நம்பாமல் அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தையே பாருங்கள்.